பொங்கலுக்கு வந்த ஆத்தா

2025 பொங்கலுக்கு ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் எல்லாம், வேப்பிலையில் படுத்திருந்தேன் என்றுதான் சொன்னேன். பதினோரு நாள். முப்பத்தேழு வயதில் சின்னம்மை. இதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பொங்கலுக்குப் பொதிகை எக்ஸ்பிரசில் டிக்கெட் எடுப்பது எவ்வளவு பெரிய சாதனை என்று தெற்குப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 120 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்கு லேப்டாப்பும் போனுமாக உட்கார்ந்து, மூன்றாவது நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட் தொடங்குவதற்குள் ஒரு சைடு அப்பர் பிடித்தேன். ஜனவரி 10, வெள்ளிக்கிழமை ராத்திரி. அன்றைக்கு மத்தியானமே யாரோ அடித்துப் போட்டதுபோல உடம்பு வலி, லேசாகக் காய்ச்சல், முதுகில் குத்துகிற மாதிரி ஒரு குளிர். டிக்கெட் மட்டும் அவ்வளவு பாடுபட்டு எடுத்ததாக இல்லாமல் இருந்திருந்தால் பேசாமல் படுத்திருப்பேன். ஒரு டோலோவைப் போட்டுக்கொண்டு எழும்பூருக்குக் கிளம்பிவிட்டேன். ஆபீஸ் ஏசிதான் காரணம் என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு வேறு.

எதிரே ஒரு குடும்பம். ஒன்றரை வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, ராஜபாளையம் போகிறார்களாம். கீழே உட்கார்ந்திருந்தபோது அது என் வாட்சைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டே இருந்தது, நானும் மடியில் தூக்கி வைத்துப் பிஸ்கட் கொடுத்தேன். இந்தக் குழந்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

சங்கரன்கோவிலில் இறங்கி வீட்டுக்குப் போனால், வீடு பொங்கலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. சுவருக்கு வெள்ளை, அடியில் காவிப்பட்டை, மூலையில் கரும்பும் பனங்கிழங்குக் கட்டும். தங்கச்சி ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து வந்திருந்தாள். சனிக்கிழமை முழுக்க அவளும் நானும் திண்ணையில் உட்கார்ந்து சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் வரிசையாகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தோம். நடுநடுவே எனக்குக் காய்ச்சல் ஏறி இறங்கியது. அம்மா சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். அப்பா, "மெட்ராஸ் தண்ணி" என்றார். அப்பாவுக்கு எந்த வியாதிக்கும் அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்யப் போனபோது காதுக்குக் கீழே ஒரு பரு. பக்கத்தில் இன்னொன்று. கொசு என்று நினைத்தேன். காபி கொண்டுவந்த அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். டம்ளரை என் கையில் தராமல் தரையில் வைத்தாள், இரண்டடி பின்னால் போனாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, வந்துட்டியா."

எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. அப்புறம் சட்டையைத் தூக்கிப் பார்த்தால், நெஞ்சில் ஏழெட்டு, முதுகில் எண்ண முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீடு மாறிய வேகம் இருக்கிறதே, எங்கள் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை நடத்துகிறவர்கள் வந்து பார்த்துப் பாடம் படிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. அடுப்பில் சாம்பாருக்குத் தாளிக்க வைத்த எண்ணெய்ச் சட்டி இறக்கப்பட்டது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கிற வாசனை கூடாது. ஃப்ரிட்ஜில் இருந்த மீன் பக்கத்து வீட்டுக்குப் போனது. தங்கச்சி பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அம்மை வீட்டில் போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாதாம், சொன்னால் ஆத்தாளும் கூடவே வருவாளாம்.

கேலியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு படுத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் உறைத்தது. வேப்பிலைக் கொத்து என்பது தெருவுக்கே தெரிகிற அறிவிப்பு. உறவுக்காரன் உள்ளே வர மாட்டான், பால்காரர் வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போவார், கர்ப்பிணியும் கைக்குழந்தைக்காரியும் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். கொரோனா காலத்தில் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தால் அவமானமாக இருந்தது. இந்தக் கொத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். இங்கேதான் முதல் சண்டை. "ஆத்தா இறங்கியிருக்கும்போது ஊசி மருந்துன்னு போனா அவ கோவம் தாங்க முடியாதுய்யா" என்று அம்மா. நான் போனில் படித்ததை வைத்துக்கொண்டு வாதாடினேன். கடைசியில் அப்பாதான், "பிள்ளத்தாச்சி ஒருத்தி வீட்டுல இருந்திருக்கா, அவளுக்காவது கேட்டுட்டு வரணும்லா" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்த வார்த்தைக்கு அம்மாவிடம் பதில் இல்லை.

டவுனில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் போனோம். அப்பா முன்னாலேயே போய் விஷயத்தைச் சொல்ல, டாக்டர் என்னை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே ஆட்டோவுக்கு வந்தார். மொபைல் டார்ச் அடித்து வயிற்றைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சின்னம்மையில் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளியும், நீர் கோத்த கொப்புளமும், காய்ந்த பொருக்கும் மூன்றும் சேர்ந்தே இருக்கும், அலையலையாகப் புதிது வந்துகொண்டே இருக்கும், அதுதான் அடையாளம் என்றார். எனக்கு அப்போதுதான் முதல் அலை. இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது என்று ஏதோ பஸ் வருகிற நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் கண்ட முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், நல்ல வேளை இன்றைக்கே வந்தாய் என்றார். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை, தானாக வந்து தானாகப் போகும். பெரியவர்களுக்குத்தான் இது முரட்டு வியாதி, நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம். இருமலோ மூச்சு வாங்குவதோ இருந்தால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் புரூஃபனும் தொடவே கூடாது. நகத்தை ஒட்ட வெட்டு. அவ்வளவுதான்.

அப்புறம் அப்பாவிடம் திரும்பி, வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார்களா என்று அவரே கேட்டார். இருக்கிறாள் என்றதும் அவர் முகம் மாறியது. "அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

அப்பா முழித்தார். எனக்கோ சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. 1999, முழுப் பரீட்சை லீவு. தங்கச்சிக்கு ஐந்து வயது. அவளுக்கு அம்மை போட்டதும் என்னைக் கழுகுமலையில் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம். காலையில் மலைமேல் ஏறி வெட்டுவான் கோயில் பக்கத்தில் சமணச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு பாறையில் சறுக்கு விளையாட்டு, சாயங்காலம் ஆச்சி கையால் கருப்பட்டிக் காப்பி. வீட்டுக்குத் திரும்பியபோது தங்கச்சிக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றி முடிந்திருந்தது. அவளுக்குத் தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம், அந்த ஒன்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அன்றைக்கு என்னைத் தப்பிக்க வைத்ததற்கு வட்டியும் முதலுமாக இருபத்தைந்து வருஷம் கழித்து இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். குழந்தையில் வந்திருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்கும்.

ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது, இருந்தாலும் அவளுடைய டாக்டரிடம் சொல்லி, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தம் ஒன்று கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் பத்து நாளுக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று இருக்கிறது. தங்கச்சி மறுநாள், போகியன்றைக்கு, தென்காசியில் ரத்தம் கொடுத்தாள். ரிசல்ட் எப்போது என்று கேட்டால், பொங்கல் லீவு சார், வியாழக்கிழமை என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைச் சண்டை மறுபடி தொடங்கும் என்று நினைத்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் படுத்திருந்த அறையின் மூலையில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்த செம்பு ஒன்று இருந்தது. மாத்திரை அட்டையை வாங்கி அந்தச் செம்புக்கு முன்னால் ஒரு தட்டில் வைத்தாள், கற்பூரம் காட்டவில்லை, சும்மா கண்ணை மூடி நின்றாள். அப்புறம் ஒரு மாத்திரையைப் பிய்த்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஏழு நாளும், காலை 6, 10, 2, 6, ராத்திரி 10, ஐந்து வேளையும் அப்படியே. ஒரு வேளைகூடத் தவறவில்லை. அலாரம் வைத்து மாத்திரை சாப்பிடும் என்னால் அந்த ஒழுங்கு முடிந்திருக்காது.

அம்மை வந்தவனை ஆத்தாளாகவே நடத்துவார்கள் என்பது கேள்விப்பட்டதுதான், அனுபவித்தபோது சிரிப்பும் கூச்சமுமாக இருந்தது. என்னை "ஏலே" என்றே கூப்பிட்டுப் பழகிய அம்மா, நான்கு நாள் தாடியோடு லுங்கியில் கிடக்கிற என்னிடம் வந்து, "தாயே, கூழு குடிக்கியா, மோரு தரவா" என்கிறாள். நான் எரிச்சலில் ஏதாவது கத்தினால்கூடப் பதிலுக்குக் கத்துவதில்லை. ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று இன்னும் கொஞ்சம் வேப்பிலையை விரிப்பாள். இந்தச் சலுகையை நான் இரண்டு நாள் நன்றாகவே துஷ்பிரயோகம் செய்தேன். மூன்றாம் நாள் அப்பா கதவருகே நின்று, "ஆத்தாளுக்கு வாய் ஜாஸ்தியா இருக்கு" என்றதும் அடங்கிவிட்டேன்.

பொங்கலன்று எங்கள் முற்றத்தில் பானை ஏறவில்லை. அம்மை இருக்கிற வீட்டில் பண்டிகை கிடையாது. எனக்கு நினைவு தெரிந்து முற்றத்தில் கோலம் இல்லாத பொங்கல் அதுதான். விடியற்காலையில் ஜன்னல் வழியாகப் பனையோலை எரிகிற புகை வந்தது, அப்புறம் வெல்லமும் நெய்யும் கலந்த வாசனை, அப்புறம் வரிசையாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குலவைச் சத்தம். எந்த வீட்டில் முதலில் பொங்கியது என்று சத்தத்தை வைத்தே அம்மா உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "இது மேல வீட்டு அக்கா. இது கடைசி வீடு, அவ ஈர ஓலையை வச்சிக்கிட்டு வருஷா வருஷம் லேட்டு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்து பிள்ளைகள் இரண்டும் வீட்டுக்கு வந்த பொங்கல் அவளுக்கு.

மூன்றாவது அலை அன்றைக்குத்தான் வந்தது. ரோஜா இதழின் மேல் பனித்துளி வைத்ததுபோல இருக்கும் என்று சின்னம்மைக் கொப்புளத்தை மருத்துவப் பாடங்களில் வர்ணிப்பார்கள். எழுதியவருக்குத் தொண்டைக்குள்ளே அந்தப் பனித்துளி வந்ததில்லை என்று நினைக்கிறேன். நாக்கின் அடியில் மூன்று, அண்ணத்தில் இரண்டு, உச்சந்தலை முழுக்க, இமை ஓரத்தில் ஒன்று, எழுத முடியாத இடங்களில் மிச்சம். எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். கேழ்வரகுக் கூழும் மோரும்தான் ஆகாரம். இளநீர் தினமும் இரண்டு. 1999 வயிற்றெரிச்சல் அதோடு தீர்ந்தது, ஏழாவது இளநீருக்குப் பிறகு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலில் சமாளித்துவிடலாம். ராத்திரி ஒரு மணிக்கு மேல் உடம்பில் இருக்கிற முந்நூறு கொப்புளமும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேச ஆரம்பிக்கும். சொறிந்தால் சீழ் வைக்கும், தழும்பு நிற்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த காலமைன் லோஷனை அம்மா தொடவிடவில்லை, அதில் மட்டும் ஆத்தாளோடு உடன்பாடு ஏற்படவில்லை போல. அதற்குப் பதில் இளம் வேப்பங்கொழுந்துக் கொத்தால் மெதுவாக வருடிவிடுவாள். அது அரிப்பை ஆற்றியதா என்றால் கொஞ்சம் ஆற்றியது. முக்கியமாக, என் கையில் நகம் இருக்கிறது, கொத்தில் நகம் இல்லை. இரண்டு மணிக்கு ஒருத்தி உட்கார்ந்து வருடிக்கொண்டிருக்கும்போது பிய்த்துச் சொறிய மனது வராது.

அப்படி ஒரு ராத்திரியில்தான் ஆச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. கழுகுமலை ஆச்சிக்கு இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் அம்மைத் தழும்பு, புளியங்கொட்டை அமுக்கி எடுத்ததுபோல. சின்ன வயதில் அதில் விரலை வைத்து விளையாடியிருக்கிறேன். அவருக்கு வந்தது பெரியம்மை. அந்தச் சொல்லின் கனம் எனக்கு அப்போது தெரியாது. வந்தவர்களில் பத்தில் மூன்று பேரைக் கொண்டுபோன நோய் அது, பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போயிருக்கிறது. இந்தியாவுக்குள் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில், உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980 மே மாதத்தில். இந்தத் தாளிப்பு இல்லாத சமையலும், வேப்பிலைக் கொத்தும், சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதும் எல்லாம் அந்தப் பெரிய ஆத்தாளுக்காக ஏற்பட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் போய்விட்டாள், சின்னவள் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஆச்சி என்னுடைய கொப்புளங்களைப் பார்த்திருந்தால் இதெல்லாம் ஒரு அம்மையா என்று சிரித்திருப்பார்.

மாட்டுப் பொங்கலன்று வேறு வேலை இல்லாததால் துப்பறியத் தொடங்கினேன். சின்னம்மை உடம்புக்குள் போய் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஜனவரி 12 இலிருந்து பின்னால் எண்ணினால் டிசம்பர் 22 முதல் ஜனவரி 2 வரை. அந்த நாட்களில் குழந்தைகள் இருந்த இடம் ஒன்றே ஒன்று, டிசம்பர் 31 ராத்திரி எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடி. கேக் வெட்டினோம், கீழ் வீட்டுப் பையன் என் தோளில் ஏறி உட்கார்ந்துதான் வாணவேடிக்கை பார்த்தான். அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். முதலில் இல்லையே என்றார். நான் என் நிலைமையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஆமாண்ணா, ஒண்ணாம் தேதி காலைல பார்த்தோம். யார்கிட்டயும் சொல்லலண்ணா. ஹவுஸ் ஓனர் ஏற்கெனவே ஒரு மாதிரி. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாரோன்னு பயம்."

கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அந்த ரயில் குழந்தை ஞாபகமும் வந்தது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி அது என் மடியில் உட்கார்ந்து என் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்றது. எனக்குத் தெரியாது, ஆனால் காய்ச்சல் அடிப்பது தெரியும். டிக்கெட்டை விட மனசில்லாமல் மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் ஏறினேன். அவர்களுடைய பேர் தெரியாது, ராஜபாளையம் என்பது மட்டும் தெரியும். தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிச்சயமில்லை, சின்னம்மைத் தடுப்பூசி அரசாங்கம் இலவசமாகப் போடும் பட்டியலில் கிடையாது, தனியாரிடம் காசு கொடுத்து இரண்டு தவணை போட வேண்டும். கீழ் வீட்டுப் பெண்ணிடம், "பையன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

வியாழக்கிழமை, காணும் பொங்கல். பதினோரு மணி வரை போன் வரவில்லை. அம்மா ஜன்னலுக்கு வெளியே பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள், ஒரே சுளகுப் பருப்பை முக்கால் மணி நேரமாக. பதினொன்றரைக்குத் தங்கச்சி வீடியோ காலில் வந்தாள். "எனக்கு எதிர்ப்புச் சக்தி ஃபுல்லா இருக்காம். உன் மூஞ்சி என்னண்ணே, தோசைக்கல்லு மாதிரி இருக்கு." அதைக் கேட்டுத்தான் நான் முதல் தடவையாக அந்த வாரத்தில் அழுதேன். அம்மா அழவில்லை. "நான்தான் சொன்னேன்லா, அவளுக்கு அன்னிக்கே ஆத்தா குடுத்துட்டுப் போயிட்டா" என்றாள். எதிர்ப்புச் சக்தியை இதைவிடச் சுருக்கமாக யாராவது விளக்கியிருக்கிறார்களா என்று தெரியவில்லை.

ஏழாம் நாள், சனிக்கிழமை, முதல் தண்ணீர். மாத்திரை முடிந்ததும் அன்றைக்குத்தான். பெரிய பித்தளை அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காலையிலிருந்து வெயிலில் வைத்த தண்ணீர். ஏழு நாள் தண்ணீர் படாத உடம்பில் அது விழுந்தபோது இருந்த சுகத்தை எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது. ஒன்பதாம் நாள் இரண்டாம் தண்ணீர், பதினோராம் நாள் மூன்றாம் தண்ணீர். அன்றைக்கு வாசல் வேப்பிலை இறங்கியது, சமையலறையில் கடுகு வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். குணமானது மாத்திரையாலா தண்ணீராலா என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருப்பதாக அம்மா சொன்னாள், சித்திரையில் வந்து போட்டுவிட்டுப் போ என்றாள்.

அப்பா மட்டும் ஒரு விஷயம் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் அவருக்கு இடுப்பில் அக்கி வந்து, பக்கத்து ஊரில் மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குப் போய், அதற்கு வைத்தியமாக உடம்பில் காவியில் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தார். அந்த அக்கியும் இந்த அம்மையும் ஒரே கிருமிதான், அம்மை ஆறின பிறகும் அது போகாமல் நரம்பு வேருக்குள் ஒளிந்திருந்து வயதானபின் அக்கியாக வரும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உனக்கும் ஒருநா சிங்கம் எழுதணும்" என்றார்.

ஆபீசில் லீவை நீட்டிக்க மெயில் போட்டதற்கு, நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டும் என்று பதில் வந்தது. எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டிவிட்டால் தொற்றாது, அதற்கு ரிப்போர்ட் என்று ஒன்று தருவதில்லை என்று டாக்டர் லெட்டர் எழுதிக் கொடுத்தார். ஜனவரி 27 திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மாஸ்க் போட்டுக்கொண்டுதான், தொற்றுக்காக இல்லை, மூஞ்சிக்காக.

அன்றைக்குச் சாயங்காலம் மாடிப்படியில் கீழ் வீட்டுப் பையன் எதிரே வந்தான். அவன் அம்மா பின்னாலிருந்து, "அண்ணா, சாரிண்ணா" என்று தொடங்குவதற்குள் அவன் என் முழங்கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளி எண்ண ஆரம்பித்துவிட்டான். "பதினாலு. எனக்கு இங்க ரெண்டுதான். அங்கிள், நீங்க சொறிஞ்சீங்களா?"

சொறியவில்லை என்றேன். அவன் நம்பவில்லை.